பந்தின் சாட்சியம்

"விளையாடியது போதும், புத்தகத்தை எடு" என்று பிள்ளைகளிடம் சொல்லாத வீடு நம்மிடையே அரிது. விளையாட்டு பொழுதைக் கழிப்பதற்கு, படிப்பு வாழ்வதற்கு என்று இரண்டையும் இரு வேறு அறைகளில் வைத்துப் பூட்டிப் பழகியவர்கள் நாம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பந்தொன்றைக் கையில் ஏந்தி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், வேலையற்ற வேலை என்று நகைக்கவும் கூடும். ஆயினும் ஓடுபவரின் மூச்சையும் நீந்துபவரின் உடையையும் பந்து செல்லும் பாதையையும் ஆராய்வது இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மதிப்புமிக்கதொரு துறையாகிவிட்டது. அத்துறையின் தொடக்கக் காலத்தை நோக்கிப் பின்னே நடந்து சென்றால், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஒரு தந்தையையும் ஒரு மகனையும் சந்திக்கிறோம்.

தந்தை பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். மகன் பிரெடரிக் கத்ரி டெய்ட். இவர்களைப் பற்றிச் சுவையான கதையொன்று நூறாண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. கோல்ஃப் பந்தை ஏறத்தாழ 190 கெஜத்துக்கு மேல் வானில் பறக்கும்படி அடிக்க மனிதரால் இயலாது என்று தந்தை கணக்கிட்டு மெய்ப்பித்தாராம். மகன் மைதானத்துக்குச் சென்று 250 கெஜம் பறக்க அடித்துக் காட்டினாராம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற நம் பழமொழிக்கு எடுத்துக்காட்டாக அமைந்த இக்கதையைக் கேட்போர் சிரிப்பர். கதையில் வரும் மனிதர்கள் உண்மை; மகன் அடித்த அடியும் உண்மை. ஆனால் கதை சொல்லும் பொருள் உண்மையன்று. மாண்டவர் தமக்காக வழக்காட வரமாட்டார். ஆகவே அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை நாம் சற்று நின்று பார்ப்பது நீதியாகும்.

எடின்பரோவின் பேராசிரியர்

டெய்ட் 1831இல் பிறந்தவர். மின்காந்தக் கொள்கையால் அழியாப் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவருடைய பள்ளித் தோழர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் 1852இல் முதலிடம் பெற்ற டெய்ட், 1860இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அதே பதவிக்கு மாக்ஸ்வெல்லும் விண்ணப்பித்திருந்தார். டெய்ட்டையே பல்கலைக்கழகம் தெரிந்துகொண்டது. பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சனோடு இணைந்து அவர் எழுதி 1867இல் வெளியான இயற்பியல் பெருநூல், ஒரு தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. கயிற்றில் விழும் முடிச்சுகளை வகைப்படுத்தி அட்டவணையிட்ட அவரது உழைப்பு, இன்றும் கணித வல்லுநர்கள் நினைவுகூரும் ஒன்று.

இத்தகைய மேதைக்கு ஒரு பித்து இருந்தது. கோல்ஃப் என்பது கையடக்கமான கடினப் பந்தொன்றை நீண்ட கோலால் அடித்து, தொலைவிலுள்ள சிறு குழிக்குள் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்கும் ஆட்டம் என்பதை வாசகர் அறிவர். ஸ்காட்லாந்து அதன் தாயகம். திருத்தூதர் அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊர் அதன் தலைமைப் பீடம் எனலாம். விடுமுறை வந்தால் டெய்ட் குடும்பத்தோடு அங்குச் சென்றுவிடுவார். இருளிலும் ஆடும் ஆசையால் பந்துக்கு ஒளிரும் பாஸ்பரசைப் பூசி இரவில் ஆடிப் பார்த்ததும், உடன் ஆடிய பேராசிரியர் ஒருவரின் கையுறை தீப்பற்றியதும் அவர் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள்.

அவருடைய பிள்ளைகளும் விளையாட்டில் வல்லவர்கள். மூத்தவரான ஜான் கத்ரி டெய்ட் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர். பின்னர் நம் அண்டை மாநிலத்துக்கு வந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். மூன்றாம் மகனான பிரெடரிக், எல்லாராலும் பிரெடி என்று அன்போடு அழைக்கப்பட்டவர். 1870இல் பிறந்து, இராணுவ அதிகாரியாகி, கோல்ஃப் விளையாட்டில் பிரிட்டனின் மிகச் சிறந்த அமெச்சூர் வீரர்களுள் ஒருவரானார். 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஊதியத்துக்காக ஆடும் தொழில்முறை வீரர்களும் கலந்துகொள்ளும் ஓப்பன் போட்டியில் 1896, 1897 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மூன்றாம் இடம் பெற்றார்.

பந்து எழுப்பிய கேள்வி

அக்காலத்துக் கோல்ஃப் பந்து குட்டாபெர்ச்சா என்னும் பிசினால் ஆனது. மலாயாக் காடுகளின் மரங்களில் வடியும் பாலிலிருந்து எடுக்கப்பட்ட இப்பிசின், 1848ஆம் ஆண்டளவில் பந்து செய்யப் பயன்பட்டது. அதற்குமுன் தோலுக்குள் இறகைத் திணித்துப் பந்து தைப்பார்கள்; அது விலை மிகுந்தது, மழையில் நனைந்தால் கெட்டுவிடுவது. புதிய பந்து மலிவாகவும் உறுதியாகவும் இருந்தது. ஆனால் அதில் ஒரு விந்தை தென்பட்டது. வழவழப்பான புதுப்பந்து தாறுமாறாகப் பறந்து விரைவில் தாழ்ந்தது. அடிபட்டு, வெட்டுப்பட்டு, வடுக்கள் நிறைந்த பழம்பந்தோ நேராக நெடுந்தொலைவு பறந்தது. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆயினும் பந்து செய்வோர் காத்திருக்கவில்லை. புதுப்பந்திலேயே சுத்தியலால் வடுக்களைப் பொறித்து விற்கலாயினர். கற்றோர் விடை காணுமுன்பே கைவினைஞர் பயன் கண்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

டெய்ட்டின் மனத்தை உறுத்தியது வேறொரு விந்தை. நல்ல ஆட்டக்காரர் அடித்த பந்து தரையோடு ஒட்டியதுபோல் தாழ்வாகவே கிளம்புகிறது. ஆனாலும் வானில் நெடுநேரம் நிற்கிறது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில், தரைக்கு 14 பாகைச் சாய்வில் ஒரு பந்து கிளம்புவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு மட்டுமே அதன்மேல் செயற்பட்டால் மூன்றரை நொடியில் அது தரையைத் தொட்டுவிட வேண்டும். மைதானத்தில் பந்துகள் ஆறு நொடி வரை வானில் நின்றன. சில வேளைகளில் பந்தின் பாதை தொடக்கத்தில் கீழ்நோக்கி வளையாமல் மேல்நோக்கியே வளைவதையும் கூர்ந்து நோக்குவோர் கண்டனர். எறியப்பட்ட கல் அவ்வாறு செல்வதில்லையே!

காற்றின் தடையைக் கணக்கில் சேர்த்தால் சிக்கல் தீருமா? பீரங்கிக் குண்டுகளைக் கொண்டு பிரான்சிஸ் பாஷ்ஃபோர்த் என்பவர் செய்த அளவீடுகள் அப்போது கிடைத்தன. அவற்றின் துணையோடு டெய்ட் கணக்கிட்டார். சிக்கல் பெருகியதே தவிரத் தீரவில்லை. காற்று பந்தைத் தடுக்கும், தூக்கிப் பிடிக்காது. அந்தத் தடையையும் மீறி, ஆட்டக்காரர்கள் நாள்தோறும் அடிக்கும் தொலைவுக்குப் பந்து செல்ல வேண்டுமானால், அது மனிதக் கையால் கொடுக்கவே முடியாத வேகத்தில் கிளம்பியாக வேண்டும். மனித ஆற்றலுக்குட்பட்ட வேகத்தில், சுழலாமல் செல்லும் பந்துக்கு ஓர் எல்லை உண்டு. மைதானத்தில் பந்துகள் அவ்வெல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தன.

கட்டுக்கதை பிறந்த இடம் இதுதான். எல்லையைக் கண்ட பேராசிரியர் அதோடு கணக்கேட்டை மூடிவிட்டதாகக் கதை சொல்கிறது. உண்மையில் அவர் கணக்கையும் மைதானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துவராதபோது மைதானத்தைக் குறைசொல்ல அவர் எண்ணவில்லை. "என் கணக்கில் நான் சேர்க்காதது எது?" என்பதே அவருடைய கேள்வியாயிற்று.

பழைய சுவடுகள்

கணக்கில் விடுபட்டது சுழற்சி. அதற்கான சுவடுகள் நெடுங்காலமாகவே கிடந்தன. ஒளியைப் பற்றி 1672இல் எழுதிய நியூட்டன், டென்னிஸ் பந்தைச் சாய்த்து அடித்தால் அது வளைந்து செல்வதைத் தாம் கண்டதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், துப்பாக்கிக் குண்டு குறி தவறுவதற்கு அதன் சுழற்சியே காரணம் என்று சோதனையால் காட்டினார். 1852இல் ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் இதை மேலும் ஆராய்ந்தார். அவர் பெயராலேயே இவ்விளைவு இன்று வழங்குகிறது.

இதன் இயல்பைச் சுருங்கச் சொல்லலாம். பந்து முன்னோக்கிச் செல்லும்போது, அதன் மேற்பரப்பு பின்னோக்கியும் அடிப்பரப்பு முன்னோக்கியும் சுழல்வதாகக் கொள்வோம். மேற்பரப்பு தன்னோடு ஒட்டிய காற்றைப் பந்தின் பின்புறம் வரை இழுத்துச் சென்று கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் விதியே இங்கும் ஆட்சி செய்கிறது. சுழற்சி நேர்மாறாக இருந்தால் பந்து விரைவில் கீழே இறங்கும். பக்கவாட்டில் இருந்தால் இடமோ வலமோ வளையும். நம் ஊர் வாலிபால் ஆட்டத்தில் சர்வீஸ் போடுபவர் மேலிருந்து அறைந்து அனுப்பும் பந்து, வலையைத் தாண்டியதும் சட்டென்று கீழே விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகி மட்டையாளரை ஏமாற்றுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கோல்ஃப் பந்து பக்கவாட்டில் வளைவதற்குச் சுழற்சியே காரணம் என்று டெய்ட் 1887இலேயே எழுதினார். அடிப்புறமாக வெட்டி அடிக்கப்பட்ட பந்து, புவியீர்ப்பையும் மீறி மேல்நோக்கி வளையும் என்றும் அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டார். மகனின் புகழ்பெற்ற அடிக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே இது அச்சேறியது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

களிமண்ணும் நாடாவும்

ஆனால் வளைந்து செல்லும் பந்து தவறாக அடிக்கப்பட்ட பந்து. நேராகவும் நெடுந்தொலைவும் செல்லும் பந்து, அதாவது குறையில்லாமல் அடிக்கப்பட்ட பந்து, சுழல்கிறதா இல்லையா? சுழற்சி பந்தைக் கெடுக்கும் என்பதே அக்கால ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. டெய்ட்டுக்கும் இளமையில் கற்பிக்கப்பட்டது அதுதான். விடை காண அவர் கையாண்ட வழிகள், கருவிகளின் பெருமையை அன்றி எண்ணத்தின் கூர்மையை நமக்குக் காட்டுகின்றன.

முதலாவது, வேகத்தை அளப்பது. ராபின்ஸ் 1742இல் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அறிய ஊசல் ஒன்றை அமைத்திருந்தார். கனத்த ஊசலில் குண்டு பாய்ந்து பதிந்தால், ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். டெய்ட் பல்கலைக்கழகத்தில் களிமண் அப்பிய ஊசலைத் தொங்கவிட்டு, அதை நோக்கிப் பந்தை அடிக்கச் செய்தார்.

இரண்டாவது, சுழற்சியை எண்ணுவது. முறுக்கில்லாத நீண்ட நாடாவின் ஒரு முனையைப் பந்தில் பொருத்தினார். மறுமுனையைத் தரையில் பொருத்தினார். இரண்டொரு கெஜத் தொலைவில் கெட்டியான களிமண் சுவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் பந்தை அதற்குள் அடிப்பார். பின்னர் நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்துள்ளது என்று எண்ண வேண்டும், அவ்வளவே. நாடா எப்போதும் முறுக்கேறியே இருந்தது. ஆட்டக்காரருக்கு ஏற்ப நொடிக்கு 40 முதல் 120 சுற்றுகள் வரை பந்து பின்னோக்கிச் சுழல்வதாக அவர் கண்டார். ஐந்தாறு ரூபாய் விலையுள்ள நாடாவும் ஒரு கூடைக் களிமண்ணும், அறிவியல் அதுவரை அறியாத ஒன்றைச் சொல்லிவிட்டன.

குறுக்குவில்லைக் கொண்டும் அவர் சோதித்தார். வில்லின் நாண் பந்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே படுமாறு அமைத்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்பும். அதே வில், அதே விசை, ஆனால் சுழலும் பந்து சுழலாத பந்தைப்போல் தாழாமல் உயர்ந்தே சென்றது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, கணிப்பொறி இல்லாத அந்நாளில், சுழலும் பந்தின் பாதையை அடி அடியாகத் தாளில் கணக்கிட்டார். எடின்பரோ அரச கழகத்தில் 1893இலும் 1896இலும் அவர் அளித்த ஆய்வுரைகளில் முடிவுகள் வெளிவந்தன. மனிதக் கை தரக்கூடிய வேகமும் அளவான பின்சுழற்சியும் சேர்ந்தால் மைதானத்தில் காணும் தொலைவும் நேரமும் கணக்கிலும் வந்தன. தொலைவைத் தருவது தோள் வலிமை மட்டுமன்று. பந்தைக் கோல் தொட்டிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அதற்குள் பந்துக்குள் புகும் சுழற்சியே அதை வானில் ஏந்திச் செல்கிறது.

அந்தப் புகழ்பெற்ற அடி

இப்போது கதைக்குத் திரும்புவோம். 1893 ஜனவரியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரெடி ஒரு பந்தை அடித்தார். அது 250 கெஜம், அதாவது ஏறத்தாழ 229 மீட்டர், வானில் பறந்தது. உறைபனியால் தரை இறுகிக் கிடந்ததால் மேலும் உருண்டு, மொத்தம் 341 கெஜத்தில் நின்றது. குட்டாபெர்ச்சாப் பந்தை வைத்து அடித்த அடி என்பதை எண்ணினால் அது வியத்தகு செயல்தான்.

அது தந்தையின் கணக்கைப் பொய்யாக்கிற்றா? சுழலாத பந்துக்கான எல்லையை அது தாண்டியது உண்மை. ஆனால் அவ்வெல்லையைக் கணக்கிட்டதன் பயனே அதுதானே! சுழலாத பந்து இவ்வளவு தொலைவு செல்லாது. நம் பந்துகளோ செல்கின்றன. ஆகவே நம் பந்துகள் சுழல்கின்றன என்பது அவர் வாதத்தின் நடை. முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டது ஊர்ப்பேச்சு. தந்தையின் ஆய்வுக்காகப் பந்தடித்த கைகளுள் பிரெடியின் கையும் ஒன்று. மகன் தந்தையை மறுத்தவர் அல்லர். அவர் தந்தையின் சாட்சி.

டெய்ட்டின் மாணவரும் உதவியாளருமாயிருந்த கார்கில் கில்ஸ்டன் நாட், 1911இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உண்மையை விளக்கியுள்ளார். இருந்தும் கதை சாகவில்லை. படித்தவன் தோற்கும் கதை நமக்கு இனிக்கிறது. ஒருவர் எழுதியதில் பாதியை மட்டும் படித்து அவர்மீது தீர்ப்பிடும் வழக்கம் கோல்ஃப் மைதானத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

1900 பெப்ரவரி

1899இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. 'பிளாக் வாட்ச்' எனப்பட்ட ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் லெப்டினன்டாக இருந்த பிரெடி கப்பலேறினார். டிசம்பர் 11ஆம் நாள் மாகர்ஸ்ஃபான்டெய்ன் போரில் காலில் குண்டு பாய்ந்தது. காயம் ஆறியதும் மீண்டும் களத்துக்குச் சென்றார். 1900 பெப்ரவரி 7ஆம் நாள் கூடூஸ்பர்க் என்னுமிடத்தில் குண்டடிபட்டு மாண்டார். அவருக்கு அப்போது வயது முப்பது.

இங்கே நாம் ஒருகணம் நிற்க வேண்டியிருக்கிறது. ராபின்சின் ஊசல் போர்க்கலைக்காகப் பிறந்தது. பாஷ்ஃபோர்த்தின் அளவீடுகள் பீரங்கிகளுக்காக எடுக்கப்பட்டவை. மனிதரைக் கொல்லும் குண்டின் பாதையை அறிவதற்கென்று சேர்த்த அறிவை, ஒரு பந்து ஏன் அழகாகப் பறக்கிறது என்று அறிவதற்குத் திருப்பிக்கொண்டு வந்தார் தந்தை. அந்தப் பந்தை அடித்த மகனையோ குண்டு தேடிச் சென்று கொன்றது. அந்தப் போரில் மடிந்த போயர் குடும்பங்களின் தந்தையரும் தாயரும் இதே துயரைத்தான் சுமந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அறிவு எத்திசையிலும் நடக்கும். அதற்குத் திசை காட்டுவது அறிவுக்கு அப்பாற்பட்ட ஒன்று.

டெய்ட் இறைநம்பிக்கை கொண்டவர். பால்ஃபர் ஸ்டூவர்ட் என்ற இயற்பியலறிஞரோடு சேர்ந்து 1875இல் 'காணாத அண்டம்' என்ற பொருள்படும் நூலொன்றை எழுதியவர். மரணத்துக்குப் பின்னும் வாழ்வுண்டு என்னும் நம்பிக்கைக்கு அறிவியல் பகையன்று என்பது அந்நூலின் வாதம். அவ்வாதத்தின் வலிமையைப் பற்றி அறிஞர்கள் மாறுபடலாம். ஆனால் நாற்பத்து நான்காம் வயதில் எழுதியதை அறுபத்தெட்டாம் வயதில் தம் வீட்டுக்குள்ளேயே சந்திக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. மகனின் மறைவுக்குப்பின் அவர் உடல்நலம் குன்றிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வகித்த பேராசிரியர் பதவியிலிருந்து 1901இல் விலகினார். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் உயிர் நீத்தார். இறப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புகூடக் கணிதக் குறிப்புகளை எழுதினார்; பின்னர் அத்தாள்கள் அவருடைய கையெழுத்திலேயே அச்சிடப்பட்டன.

பின்வந்தோர்

டெய்ட் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், 1910இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தின் இயக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பந்து செய்வோரை வியக்க வைத்த வடுக்களின் மறைபொருளும் துலங்கிற்று. 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலப் பொறியாளர், பந்தின்மேல் சிறு குழிகளை ஒழுங்காகப் பதிக்கும் வடிவத்துக்குக் காப்புரிமை கோரினார். இன்று நாம் காணும் கோல்ஃப் பந்தின் முகம் அதுவே. 1914இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லுட்விக் பிராண்டல், வழவழப்பான கோளத்தின்மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றினால் காற்றுத்தடை குறைவதைக் காட்டினார். பரப்பை ஒட்டிய காற்றைச் சற்றே கலக்கிவிட்டால், அது பந்தைவிட்டு எளிதில் பிரியாமல் பின்புறம் வரை தழுவிச் செல்கிறது, பந்தின் பின்னே உண்டாகும் சுழல் சுருங்குகிறது, தடை குறைகிறது. குட்டாபெர்ச்சாப் பந்தின் வடுக்கள் அறுபதாண்டுகளாகச் செய்துவந்த வேலை இதுவே.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேர்மன், ஹார்வி என்னும் இருவர் காற்றுச் சுரங்கத்தில் கோல்ஃப் பந்தைச் சுழலவிட்டு அளந்த முடிவுகள் 1976இல் வெளிவந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் அதே கல்லூரியில் ரவீந்திர மேத்தாவும் அவருடைய தோழர்களும் கிரிக்கெட் பந்தை ஆராய்ந்தனர். தையல் சாய்ந்த பந்து ஏன் காற்றில் விலகுகிறது என்பதை அவர்களுடைய அளவீடுகள் தெளிவாக்கின.

இவையெல்லாம் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முயன்ற ஆய்வுகள். ஆட்டத்தை மாற்ற முயன்ற ஆய்வுகளும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர் ஒருவரும் வேதியியலறிஞர் ஒருவரும் சேர்ந்து, குழிகளின் அமைப்பை மாற்றி, தவறாக அடித்தாலும் அதிகம் வளையாத பந்தொன்றை வடிவமைத்தனர். அறிவியல் நோக்கில் அது அருமையான படைப்பு. ஆயினும் 1981இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம், பந்து எப்பக்கம் திரும்பினாலும் ஒரேமாதிரி பறக்க வேண்டும் என்று விதி செய்து அப்பந்தைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. நீச்சலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நீரின் தடையைக் குறைக்கும் புதுவகை உடைகளை அணிந்து 2009இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. வென்றது வீரரா, உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அவ்வுடைகள் தடைசெய்யப்பட்டன.

விதி வகுப்போர் இங்குக் காக்க முயல்வது என்ன? தவறு செய்வதற்கான இடத்தையே அவர்கள் காக்கின்றனர். கை தவறினால் பந்து வளைய வேண்டும்; வளைந்தால்தான் வளையாமல் அடிக்கக் கற்ற கைக்கு மதிப்பு. பல்லாண்டுப் பயிற்சியாலும் பொறுமையாலும் ஒருவர் தமக்குள் வளர்த்துக்கொண்ட திறனை, கடையில் வாங்கிய பொருளொன்று ஈடுசெய்யுமானால், ஆட்டத்தில் எஞ்சுவது பணத்தின் போட்டியாகிவிடும்.

டெய்ட்டின் ஆய்வு இதற்கு மாறான வழியில் நடந்தது. அவர் பிரெடிக்குப் புதிய பந்து செய்து தரவில்லை. பிரெடியின் கைகள் ஏற்கெனவே அறிந்திருந்ததை அறிவுக்குப் புரியும் மொழியில் எழுதினார். வடுப்பட்ட பந்தை விரும்பிய எளிய ஆட்டக்காரர், சுத்தியலோடு அமர்ந்த பந்து செய்பவர், பின்சுழற்சி என்ற சொல்லையே கேளாமல் அதை வழங்கிய வீரர் ஆகிய இவர்கள் யாவரும் அறிந்த ஒன்றை அறியாத நிலையில் தாம் இருப்பதாகவே ஒரு மாபெரும் கணித மேதை எண்ணினார். ஆகவே எண்ணுவதற்கு நாடாவை எடுத்தார்.

நம் கல்லூரிகளில் பொறியியல் பயிலும் இளைஞர் எண்ணற்றோர். மாலை வேளைகளில் அதே வளாகங்களின் மண்தரையில் பந்து எழும்பி விழுகிறது. பகலில் வகுப்பறையில் படித்த விதி மாலையில் தங்கள் கையிலிருந்தே புறப்படுகிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? அவர்களிடம் அதைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் போதும். விலையுயர்ந்த கருவிகளுக்கு அவர் காத்திருக்க வேண்டியதில்லை. களிமண் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும்.